கடைசிப் பொத்தான்

என் மாமனாரின் தங்கை எதையும் மறக்கமாட்டாள். இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. சிலருக்கு நல்ல உயரம் வாய்க்கிறது, சிலருக்குக் குரல் வாய்க்கிறது. அவளுக்கு இது வாய்த்தது. கலியாண வீட்டில் தன் இலையில் வெறும் எலும்பாகப் பார்த்துப் போட்டவன் யார், துக்க வீட்டில் தன்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் யார், எல்லாம் அவளுக்கு நேற்று நடந்த மாதிரி. ஒரு முறை சித்தூர்க் கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டு வரும்போது சட்டென்று நின்றாள். எதிரே ஒரு கிழவர் வெற்றிலை மென்றுகொண்டு போனார். "எங்க நைனா செத்தப்ப பொட்டி தூக்கக் கூப்ட்டதுக்கு முதுகு வலின்னு சொன்னவன் இவன். இப்ப எப்டி நிமிந்து நடந்துக்கினு போறான் பாரு" என்றாள். அவள் அப்பா செத்தபோது நான் பிறந்தேகூட இருக்கமாட்டேன்.

நான் அவளை முதலில் பார்த்தது எங்கள் வேதக்கோயிலில். அப்போது சித்தூர், மதராஸ் ராஜதானியில் இருந்தது. நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து கலியாணமாகி வந்த புதிது. எங்கள் கோயிலில் ஆண்களுக்குப் பெஞ்சு, பெண்களுக்குப் பாய். என் கணவருக்கு அத்தை, அதனால் எனக்கும் அத்தை. பண்டிகைக்கு மட்டும் திருப்பதியிலிருந்து ரயிலில் வருவாள். குள்ளமான உருவம், வெள்ளைச் சேலை, கையில் ஆண்கள் பிடிக்கிற பெரிய குடை. கடைசிப் பாயில் கதவோரமாக உட்காருவாள். சபையார் எழுந்து நின்று பரமண்டல ஜெபம் சொல்லும்போது அவள் குரல்தான் ஓங்கிக் கேட்கும். பிறரை மன்னிக்கிற அந்த வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வாள். கண்ணைத் திறந்து, முதல் பெஞ்சில் நிற்கிற என் மாமனாரின் முதுகைப் பார்ப்பாள். வரி முடிந்ததும் ஒன்றும் நடக்காதவள் போல அடுத்த வரியில் சேர்ந்துகொள்வாள்.

சபையில் இது தெரியாத ஆள் கிடையாது. முதல் கிறிஸ்துமஸிலேயே எனக்கும் தெரிந்துவிட்டது. என் கணவரிடம் கேட்டேன். "அது பழைய கத. உடு" என்றார்.

பழைய கதையை விடுகிற சபையா அது? பாயில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களே எனக்கு முழுவதையும் சொல்லிவிட்டார்கள்.

அத்தையின் புருஷன் சின்ன வயதிலேயே காலராவில் போய்விட்டான். இருந்தது ஒரே பிள்ளை. அவனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி மருந்து கொடுத்தாயிற்று, வீட்டில் கூடி ஜெபித்தாயிற்று. காய்ச்சல் போவதும் வருவதுமாகவே இருந்தது. பால் ஊற்ற வரும் தெலுங்குக்காரி பிள்ளையைப் பார்த்துவிட்டு, "கொண்டக்கி மொக்குகோ அம்மா" என்றாளாம். மலைக்கு நேர்ந்துகொள் என்று. பெற்றவளுக்கு அப்போது எந்தக் கதவைத் தட்டினால் என்ன? பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அலிபிரி வரைக்கும் போனாள். மலை ஏறவில்லை, ஏறுகிற நிலையில் பிள்ளை இல்லை. அடிவாரத்திலேயே முடி எடுக்கச் செய்து, அதை முதல் படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மொட்டைத் தலையும் அதில் பூசிய சந்தனமும் ஊருக்கே சொல்லிவிட்டன. அடுத்த மாதம் பிறப்பதற்குள் பிள்ளை செத்துப் போனான்.

என் மாமனார் அப்போது சபைக்கு மூப்பர். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம். அந்தக் காலத்து ஐயர், "குழந்தைதானே, உள்ளேயே வைத்துவிடலாம்" என்று தயங்கினாராம். மலைக்கு முடி கொடுத்த பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று மூப்பர் விடவில்லை. "என் வூட்டுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா?" என்று கேட்டு எல்லார் வாயையும் அடைத்துவிட்டார். கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே புங்க மரத்தடியில் குழி வெட்டினார்கள். ஜெபமும் இல்லை, கோயில் மணியும் இல்லை. "மணியாவது அடிக்கச் சொல்லுண்ணா" என்று அத்தை கேட்டாளாம். மூப்பர் பதில் பேசாமல் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் அவரை அண்ணா என்று கூப்பிடவில்லை. திருப்பதிக்குப் போய் ஒரு டாக்டரம்மாவிடம் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். பிரசவத்துக்குக் கூட நிற்பதும், படுக்கையில் விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பதும் அவள் வேலை.

எனக்கு என் மாமனாரைப் பிடிக்காது. செத்துப் போனவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்பார்கள். எழுதிவிட்டேன். "தண்ணி" என்பார். அந்த ஒரு சொல்தான். அடுத்த சொல் வருவதற்குள் சொம்பு கையில் இருக்க வேண்டும். சாப்பிட்ட தட்டைத் தாண்டி எழுந்து போவார். நான் வேட்டியைக் கோணலாக மடித்தேன் என்று அதைத் தெருவில் எறிந்திருக்கிறார். தெருவில் போகிறவர்கள் பார்க்க நான் குனிந்து பொறுக்கிக்கொண்டு வந்தேன். மாமியார் இருந்தவரை இந்தப் பாட்டை அவர் பட்டார். அவர் கண்ணை மூடியதும் எல்லாம் என் தலையில் விழுந்தது.

ஒரு கோடையில் மாமனாருக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. பிழைக்கமாட்டார் என்றார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒன்றும் மிச்சமில்லை. தட்டில் களியை வைத்தால் இது எதற்கு என்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார். சட்டையின் கைக்குள் காலை நுழைப்பார். பெற்ற மகனை, "தம்பி யாரு?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி டாக்டர், "சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுங்கள். திரும்பி வந்தாலும் வரும்" என்றார். யார் சொல்லிக் கொடுப்பது? என் கணவருக்குத் திருப்பதியில் ரயில்வே வேலை, ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வருவார். என் இடுப்பில் கைக்குழந்தை.

அவர் சாகக் கிடக்கிறார் என்ற சேதி அத்தைக்குத் தாமதமாகப் போயிருக்கிறது. தகரப் பெட்டியும் குடையுமாக ஜட்காவில் வந்து இறங்கியவள், அத்தனை வருஷம் மிதிக்காத வாசற்படியைத் தாண்டி நேராக அவர் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றாள்.

"என்னத் தெரிதா?" என்றாள்.

அவர் சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. "யாரும்மா நீ? வெய்யில்ல வந்துக்கினு கீறியே, சாப்ட்டியா?" என்றார்.

அந்த மனிதர் தன் ஆயுளில் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்டவரில்லை. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்த்து, "சாவறதுக்குள்ள ஒரு வார்த்த கேக்கணும்னு ஓடியாந்தேன். ஆளக் காணமே" என்றாள்.

அன்றைக்கே திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் பெட்டியைத் திறந்து சேலைகளைக் கொடியில் போட்டாள். சமையற்கட்டுக்கு வந்து, "இனிமே இவன நான் பாத்துக்கறேன். புத்தி திரும்பி வரட்டும். வந்த அன்னிக்குக் கேக்கறேன், ஏண்டா எம் புள்ளைய வெளிய போட்டன்னு. எனக்குப் பதில் சொல்லாம இவன் சாவக் கூடாது" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. சபையார் வந்து பார்த்துவிட்டு, "பாத்தியா, கூடப் பொறந்த பாசம் எங்க போவும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அத்தை எல்லாருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

அவள் சொல்லிக் கொடுக்கும் முறையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. எதையும் கடைசியிலிருந்து தொடங்குவாள். சட்டையை அவளே போட்டு, மேலிருந்து எல்லாப் பொத்தானையும் போட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் அவர் கைக்கு விடுவாள். அவர் அதோடு மல்லுக்கட்டுவார். விரல் வழுக்கும். அவள் உதவிக்குப் போகமாட்டாள், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அது துளைக்குள் போய் உட்காரும். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வரும். அது பழகிய பிறகு கடைசி இரண்டு. இப்படியே பின்னுக்குப் போய்ப் போய், முதல் பொத்தானில் கொண்டு நிறுத்துவாள். "மொதல்லேருந்து ஆரம்பிச்சா நடுவுல தோத்துப் பூடுவான். கடைசிய குடுத்தா, முடிச்சோம்னு ஒரு தெம்பு வரும். அந்தத் தெம்புல பின்னாடி போலாம்" என்பாள். டாக்டரம்மாவிடம் படித்தாளோ, தானே கண்டுபிடித்தாளோ, தெரியாது.

ஆனால் எதைச் சொல்லிக் கொடுப்பது என்பதில் அவள் வைத்ததுதான் சட்டம். முகம் கழுவுவது, வேட்டி கட்டுவது, களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவது, இதெல்லாம் அவர் முன்பு செய்தவை. தண்ணீர் சேந்துவது, தன் வேட்டியைத் தானே துவைத்து மடிப்பது, சாப்பிட்ட தட்டைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் துலக்குவது, இவை அவர் ஜென்மத்தில் செய்யாதவை. "இது உன் வேல. எப்பவும் நீதான செய்வ" என்பாள். அவர், "அப்டியா" என்று தலையாட்டிவிட்டுச் செய்வார். சபையின் மூப்பர் கிணற்றடியில் குந்தித் தட்டுத் துலக்குவதை அடுத்த வீட்டுக்காரி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவர் என்னிடம் வந்து ஈரத் தட்டைக் காட்டி, "போதுமாம்மா? பளிச்சுன்னு கீதா?" என்று கேட்டபோது எனக்கு மனம் குளிர்ந்தது. தெருவில் கிடந்த வேட்டி ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு தரம் துலக்கச் சொன்னேன்.

கை கற்றது கையில் தங்கிவிடும் அவருக்கு. காதில் விழுந்ததுதான் தங்காது. இன்றைக்குச் சொன்னது நாளைக்கு இருக்காது. இது அத்தைக்கும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அவள் அசரவில்லை.

நடமாட்டம் வந்ததும் அவரைக் காலையில் வெளியே கூட்டிக்கொண்டு போனாள். கையில் ஒரு தென்னந்துடைப்பம். கல்லறைத் தோட்டத்து மதிலைச் சுற்றிக்கொண்டு போய், புங்க மரத்தடியில் நிறுத்தினாள். முதலில் எல்லாம் அவளே பெருக்கிவிட்டுக் கடைசிக் குப்பையை மட்டும் அள்ள வைத்தாள். அப்புறம் பாதி. அப்புறம் முழுவதும். "இதுவும் உன் வேலதான். தெனமும் நீதான் பெருக்குவ" என்றாள். மழைக் காலம் வருவதற்குள் அவர் அவளுக்கு முன்னால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். அந்த மேட்டில் ஒரு சருகு கிடக்க விடமாட்டார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் ஒரு நாள் கூடப் போனேன். அவர் பெருக்கி முடித்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"இது யாருதும்மா?"

"உன் தங்கச்சி புள்ளைது" என்றாள் அத்தை.

"அய்யோ பாவமே. சின்னக் குழியா கீதே. எல்லாரும் உள்ள கீறாங்க, இவன் மட்டும் ஏன் வெளிய கீறான்?"

"நீதான் போட்ட."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நானா? நான் ஏம்மா அப்டி செஞ்சேன்?" என்றார்.

அவரிடம் கேட்பதற்கென்று அத்தை வருஷக் கணக்காக வைத்திருந்த கேள்வி அது. அதை அவர் அவளிடம் கேட்டார். "நீயே யோசி. ஞாபகம் வரும். யோசி" என்றாள். அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். ஒன்றும் வராமல், மேட்டுப் பக்கத்தில் குந்தி, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். வீட்டுக்கு வந்து கை கழுவும்போது ஏன் கண் எரிகிறது என்று என்னைக் கேட்டார்.

மறுநாளும் அதேதான். அவர் கேட்பார், அவள் சொல்லுவாள், அவர் புதிதாகக் கேட்கிறவராக உடைந்துபோவார். அதற்கடுத்த நாளும். எனக்கு முதலில் இருந்த குளிர்ச்சி போய்விட்டது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "போதும் அத்தே. அவருக்குத் தெனமும் புதுசா இல்ல விழுது" என்றேன்.

"எனக்கும் தெனமும் புதுசாத்தான் விழுது. அவனுக்கும் விழட்டும்" என்றாள்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஒரு நாள் மாமனார் மடியிலிருந்து நாலு வேர்க்கடலையை எடுத்து மேட்டின் மேல் வைத்தார். "புள்ள துன்னட்டும்" என்றார். அத்தை குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தூர எறிந்தாள். "பெருக்கறதோட நிறுத்திக்க. உன் கையால எம் புள்ளைக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள். அவருக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் கோபம் என்பதே மறந்து போயிருந்தது. அதுதான் அவளுக்குப் பெரிய தொந்தரவு என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடுகளில் சாயங்காலம் விளக்கேற்றியதும் குடும்ப ஜெபம். மூப்பர் வீட்டில் அது நின்று போகலாமா? பரமண்டல ஜெபத்தையும் அத்தைதான் சொல்லிக் கொடுத்தாள். அதையும் கடைசியிலிருந்துதான். தினமும் கூடவே சொல்லிச் சொல்லி, அது வாய்ப்பழக்கமாகத் தங்கியது. முதலில் அவருக்கு ஆமென் மட்டும் வந்தது. பிறகு அதற்கு முந்திய துதி. பிறகு தீமை வரி, சோதனை வரி. நான் குழந்தையைத் தட்டித் தூங்க வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். சோதனை வரிக்கு முந்தியது அந்த மன்னிக்கிற வரி என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். மறுநாள் அவள் அன்றன்றைய ஆகாரத்தைக் கேட்கிற வரிக்குப் போய்விட்டாள். நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பொத்தான் போடுகிற மாதிரி, வரிகளைப் பின்னுக்குப் பின்னுக்குக் கொண்டுபோய் முதல் வரியில் நிறுத்தினாள். நடுவில் ஒரு பொத்தான் இல்லாத சட்டை.

நான் ஏன் திருத்தவில்லை என்று என் கணவர் பின்னால் கேட்டார். அவள் சொல்லாததை நான் எப்படிச் சொல்ல முடியும்? அவள் பிள்ளை, அவள் வரி.

அறுப்புப் பண்டிகை வந்தது. வெளுத்த வேட்டியும் முதல் பொத்தானிலிருந்து கடைசிப் பொத்தான் வரை போட்ட சட்டையுமாக மாமனார் தானே நடந்து கோயிலுக்கு வந்தார். சபைக்கு ஒரே சந்தோஷம். ஜெபம் கேட்கப்பட்டது என்றார்கள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஐயர், "நம் மூப்பர் இன்றைக்குப் பரமண்டல ஜெபத்தை நடத்துவார்" என்று சொல்லி அவரை முன்னால் அழைத்தார். அவர் பழைய கணீர்க் குரலில் ஆரம்பித்தார். சபை பின்னால் வந்தது. ஆகார வரி முடிந்தது. அவர் மூச்சு விடாமல் சோதனை வரிக்குப் போனார்.

பாதி சபை ஒரு வரியில், பாதி சபை இன்னொரு வரியில். சிலர் நிறுத்தினார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். ஒரே ஒரு குரல் மட்டும் அவரோடு சேர்ந்து, தடுமாறாமல், கடைசிப் பாயிலிருந்து வந்தது. அவள் வாயை மூட வேண்டிய அவசியமே அன்று வரவில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே மூச்சில் ஆமென் சொல்லி முடித்தபோது, கோயிலில் இருந்த அத்தனை தலையும் கதவோரம் திரும்பியிருந்தது. அவள் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் ஐயர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், வயதில் இளையவர்.

"அம்மா, அது ஆண்டவர் கற்பித்த ஜெபம். அதில் ஒரு வரியை எடுத்துப்போட நமக்கு அதிகாரம் இல்லை" என்றார்.

"நான் எங்க ஐயரே எடுத்தேன்? எனக்குத் தெரிஞ்சத சொல்லிக் குடுத்தேன். தெரியாதத எப்டி சொல்லிக் குடுக்கறது?"

"அப்படியானால் அவருக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன்."

"குடுங்க. ஆனா மொதல்ல மதிலுக்கு வெளிய போங்க. புங்க மரத்தாண்ட நின்னு அந்த வரிய ஒரு தரம் சொல்லிட்டு வாங்க. அப்பால இவனுக்குச் சொல்லிக் குடுங்க."

ஐயர் காப்பியைக் குடித்து முடித்தார். சில நாள் காலையில் வந்து அவருக்கு அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தும் பார்த்தார். ஐயர் இருக்கும்வரை மாமனார் சொல்லுவார். சாயங்காலம் விளக்கேற்றியதும் அது இருக்காது.

இரண்டு கோடை இப்படியே போயிற்று. அத்தை விடவில்லை. கடைத்தெருவுக்கு வழி, வீட்டு மனுஷர்களின் பெயர், செத்துப்போன மாமியாரின் முகம் என்று அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குக் கொண்டுபோனாள். அந்த ஒரு நாளில் அவரைக் கொண்டு நிறுத்திவிட வேண்டும் என்பது ஒன்றே அவள் கணக்கு. குடையை விரித்துக்கொண்டு நடந்த அந்த நாளுக்கு. பரணிலிருந்து அந்தப் பழைய குடையைக்கூட எடுத்து அவர் கையில் கொடுத்துப் பார்த்தாள். அவர் அதை விரித்து, "வெய்யில்ல நிக்காதம்மா" என்று அவள் தலைக்கு மேல் பிடித்தார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

அடுத்து வந்த காய்ச்சல் அவரை விடவில்லை. என் கணவர் லீவு போட்டு வந்திருந்தார். ஐயரும் சபைப் பெரியவர்களும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஐயர் ஜெபத்தை ஆரம்பிக்க, மாமனார் கூடவே மெல்லச் சொன்னார். ஆகார வரி முடிந்து அவர் தாண்டப் பார்த்தபோது, ஐயர் குனிந்து காதோரமாக அந்த வரியை எடுத்துக் கொடுத்தார். மாமனார் சிரித்தார். வீட்டில் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்ட விருந்தாளியிடம் சொல்வது போல, "அந்த வரி எங்க வூட்ல கெடயாது ஐயரே" என்றார்.

பிறகு மகனைக் கூப்பிட்டார். "என்ன உள்ள வெக்காதீங்க. நான் பெருக்கற எடத்துல வெய்ங்க. அந்தப் புள்ள ஒண்டியா கீறான்" என்றார். அது எப்படி அவருக்குத் தங்கியதோ தெரியாது. காது கேட்டது தங்கவில்லை. கால் தினமும் நடந்தது தங்கிவிட்டதோ என்னவோ.

அறையில் எல்லாரும் அழுதார்கள். பிள்ளையை வெளியே போட்டபோது தலையாட்டிய பெரியவர்களே அழுதார்கள். ஆண்டவர் சேர்த்து வைத்துவிட்டார் என்றார் ஒருவர். நானும் அழுதேன். அத்தை மட்டும் கால்மாட்டில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் அவர் போய்விட்டார்.

"புங்க மரத்தடியில் வெட்டச் சொல்லிவிடலாமா?" என்று ஐயர் கேட்டார். என் கணவர் அத்தையைப் பார்த்தார்.

"வேணாம். உள்ளியே வெய்ங்க" என்றாள்.

"நைனா வாய்விட்டுக் கேட்டாரே அத்தே."

"கேட்டது இவன். எம் புள்ளைய வெளிய போட்டது அவன். இவன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லவன். எனக்குக் கொட பிடிச்சவன். ஆனா பொட்டி ஒண்ணுதான? இவன அங்க வெச்சா அவனும் கூடவே வந்துருவான். எம் புள்ள பக்கத்துல அவன் படுக்கக் கூடாது."

அத்தை கல்லறைத் தோட்டம் இருக்கும் திசையைக் கையால் காட்டினாள். "அவன் சட்டம் போட்ட எடம் உள்ள கீது. அங்கயே படுக்கட்டும்" என்றாள். என் கணவர், "அத்த சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். மாமனாருக்குச் சட்டை போட்டது அவள்தான். மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கடைசிப் பொத்தானுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள். அதைப் போடாமலே பெட்டியை மூடினார்கள்.

மூப்பருடைய அடக்கம் என்பதால் ஊரே கூடியது. பெட்டியை உள்ளே கொண்டுபோனபோது அத்தை கூட வரவில்லை. நான் பெண்கள் கூட்டத்திலிருந்து நழுவி மதிலைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். அவர் கைபட்டுத் தேய்ந்த துடைப்பத்தை வைத்துக்கொண்டு புங்க மரத்தடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள். நேற்றும் முந்தாநாளும் விழுந்த சருகு நிறையக் கிடந்தது.

உள்ளே ஜெபம் முடிந்து கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. பெரிய மனிதருக்கு அடிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி, நீளமாக.

"வந்து ஒரு பிடி மண்ணாவது போடு அத்தே" என்றேன்.

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் தலையில் வைக்கிற மாதிரி மேட்டின் மேல் கையை வைத்தாள்.

"மணி நிக்கிற வரைக்கும் பேசாத" என்றாள். "புள்ள கேட்டுக்கினு கீறான்."